தில்லையில் ஊன்றிய கால்

மேலூர்ப் பக்கத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு மதுரை விடுதிகளுக்கு வந்து சேரும் நம் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். ஊரை விட்டு வந்த கலக்கம் அவர்கள் முகத்தில் தெரிகிறது. ஊரில் என்ன கிடைத்தது என்பதை அவர்களும் அறிவர், நாமும் அறிவோம். இப்பிள்ளைகளை எண்ணியே, இம்மலருக்குச் சுவாமி சகஜானந்தர் வரலாற்றை எழுத முற்பட்டேன்.

அடிகள் 1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள், வட ஆற்காட்டில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அண்ணாமலை, தாயார் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. ஆதிதிராவிடப் பிள்ளைக்குப் பள்ளித் திண்ணையும் எட்டாதிருந்த காலம் அது. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளி அவருக்குக் கதவைத் திறந்தது. அந்த நன்றியை மறுப்பதற்கில்லை. விவிலியத்திலும் அவர் தேர்ச்சி பெற்றார். அறிவுக் கூர்மையைக் கண்டு சிகாமணி என்று அழைத்தனர். ஆயினும் சமயம் மாற வேண்டும் என்னும் நிலை வந்தபோது அவர் இசையவில்லை. பட்டமும் உத்தியோகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, படிப்பை விட்டு வெளியேறினார். சமயம் மாறியோரை நான் குறை கூறேன். அவர்களுக்கும் அவரவர் நியாயம் உண்டு. இவருடைய நெஞ்சம் வேறு வழியை நாடிற்று, அவ்வளவே.

அடுத்து அவர் சென்றது கோலார் தங்கவயல். பண்ணையாருக்குக் கைகட்டி நிற்காமல் கூலியைக் காசாகப் பெறலாம் என்று நம் மக்கள் திரள் திரளாகச் சென்ற இடம் அது. அவர்தம் பெற்றோரும் அங்கேயே பிழைத்தனர். இவர் மனமோ அங்கும் நிறையவில்லை. நீலமேக சுவாமிகள் என்னும் துறவியை அடுத்து ஞான நூல்களைக் கற்கத் தொடங்கினார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மடத்தை அடைந்தார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் அங்கு வழங்கப்பெற்றதே. தமிழோடு வடமொழியும் பயின்றார். உணவும் நூலும் குருவின் அன்பும் குறைவின்றிக் கிடைத்த இடம். அங்கேயே அமைதியாக இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. 1910இல், தம் இருபதாம் வயதில், சிதம்பரம் சென்றார். இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். திருநாளைப்போவார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லையுள் புகுந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அந்த நந்தனாரின் இனத்தவர்க்கு 1910இலும் தில்லைக் கோயில் வாயில் திறந்திருக்கவில்லை. நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயருடனும் கக்கனுடனும் நம்மவர் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாளில்தான். அதற்கு இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. வளம் தேடுவோர் எவரும் நாடாத அவ்வூரையே தாம் தழைக்கும் இடமாக அவர் தேர்ந்தார். இறைவன் தம்மை அங்கே கொண்டு சேர்த்தான் என்ற உறுதி அவருக்கு இருந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அத்துணிவு வாராது.

ஓமக்குளத்தருகே நந்தனார் மடத்தை அமைத்தார். 1916இல் 25 பிள்ளைகளோடு நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 25 தானா என்று எண்ண வேண்டா. நாற்றுநடவுக் காலத்தில் ஒரு பிள்ளையை வயலினின்று வகுப்புக்கு அழைத்துவர என்ன பாடு என்பதை முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சோறிட்டு, தங்க இடமும் தந்தார். அதற்காகப் பலரிடம் பொருள் திரட்டினார். பெண்மக்கள் கல்வியையும் மறந்தாரில்லை.

1926 முதல் சென்னைச் சட்ட மன்றத்தில் இடம்பெற்று, காவியுடையோடே கல்விக்காகவும் ஆலய நுழைவுக்காகவும் வாதாடினார். தேர்தல்களில் வென்று, 1959 மே முதல் நாள் மறையும் வரை உறுப்பினராக விளங்கினார்.

அந்த 25 பிள்ளைகளின் பள்ளி, சிதம்பரத்தில் நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள், பெண்கள் அரசு மேல்நிலைப் பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது.  ஓமக்குளத்தில் அவர் இட்ட பலகைகளில் அமர்ந்து படித்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பல ஊர்களில் இருக்கின்றனர்.