முதலெழுத்தில் நின்ற ஊர்

ஆர்.கே. நாராயண் என்னும் பெயரின் முதலில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து இராசிபுரத்தைக் குறிக்கும். செவ்வாய்ப்பேட்டைக்குத் தெற்கே, நாமக்கல் திசையில், பேருந்தேறினால் ஒரு மணி நேர அளவில் சென்று சேரும் அதே இராசிபுரந்தான். இராசிபுரம் கிருஷ்ணசுவாமி ஐயர் நாராயணசுவாமி என்பது அவருடைய முழுப்பெயர். 1935ஆம் ஆண்டு முதல் புதினம் இலண்டனில் அச்சேறியபோது, இத்தனை நீண்ட பெயரை ஆங்கில வாசகர் நாவில் ஏற்றமாட்டார் என்று கருதிய எழுத்தாளர் கிரகாம் கிரீன் அதனைச் சுருக்கச் சொன்னார். 'சுவாமி' உதிர்ந்தது, தந்தையார் ஓரெழுத்தானார், முன்னோர் ஊரும் ஓரெழுத்தாக எஞ்சியது. எந்த வரைபடத்திலும் இல்லாத ஊரொன்றைப் படைத்துப் புகழ்பெற்றவர், வரைபடத்தில் உள்ள ஊர் ஒன்றைத் தம் பெயரின் முன்னே வாழ்நாள் முழுதும் சுமந்தார்.

அவர் பிறந்தது 1906 அக்டோபர் 10இல், சென்னையில். தந்தையார் மைசூர்ப் பகுதியில் தலைமையாசிரியராகப் பணியாற்ற, சிறுவன் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் மயிலோடும் குரங்கோடும் வளர்ந்தான். தமிழ் எழுத்துகளையும் கணக்கையும் பாட்டியே சொல்லிக்கொடுத்தார். பின்னர் மைசூருக்குச் சென்றவர், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஓராண்டு முழுவதையும் படிப்பதிலும் ஊர் சுற்றுவதிலும் கழித்தார். இலக்கியத்துக்கு அந்தத் தோல்வி செய்த நன்மை சிறிதன்று. பட்டம் பெற்றபின் ஏற்ற ஆசிரியர் வேலையைச் சில நாள்களிலேயே உதறிவிட்டார்.

1930 செப்டம்பரில், பாட்டி குறித்துக்கொடுத்த நல்ல நாளில், பெங்களூரில் குறிப்பேடு ஒன்றை வாங்கி எழுத அமர்ந்தார். மனத்தில் முதலில் எழுந்தது மாந்தர் அல்லர். ஒரு சிறிய புகைவண்டி நிலையம். அதன் பெயர் மால்குடி. நிலையம் வந்தபின் அதைச் சுற்றி ஊர் வந்தது. ஊர் வந்தபின் சுவாமிநாதன் என்னும் சிறுவன் வந்தான். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றவர்களுக்கு இந்த வரிசை வியப்பளிக்காது.

கற்பனை நிலத்தைப் படமாக வரைவது மேலைநாட்டில் ஒரு தனி மரபு. ஸ்டீவன்சன் 1881இல் தம் வளர்ப்பு மகனோடு பொழுதுபோக்காகத் தீவொன்றைத் தீட்டினார். அப்படத்திலிருந்தே 'புதையல் தீவு' பிறந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்தப் படம் தொலைந்துபோக, கதையைப் படித்துப் படித்து மீண்டும் வரைய நேர்ந்தது. ஃபாக்னர் 1936இல் தம் கற்பனை மாவட்டத்தின் படத்தை வரைந்து, அதற்குத் தாமே உரிமையாளர் என்று குறும்பாக எழுதியும் வைத்தார். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற மேசை விளையாட்டுகளில் இதுவே அன்றாட வழக்கமாயிற்று. ஒருவர் கட்டமிட்ட தாளில் மலையும் காடும் நிலவறையும் கையால் வரைந்து கதை நடத்துவார். சுற்றி அமர்ந்தவர்கள் பாத்திரங்களாக மாறி அதனுள் நடப்பார்கள். ஆற்றுக்கு இக்கரையில் நிற்பவன் அக்கரையில் உள்ளவனைத் தொட முடியாது. தொலைவும் திசையுமே அங்கு விதி.

நாராயண் இவ்வாறு படத்திலிருந்து தொடங்கியவர் அல்லர். ஆயினும் அந்த விதி மால்குடியிலும் செல்லும். பள்ளிக்கு அஞ்சி ஓடிய சுவாமிநாதன் மெம்பிக் காட்டுப் பாதையில் வழி தவறியதால்தான் கிரிக்கெட் பந்தயத்தையும் நண்பனின் நட்பையும் இழக்கிறான். 1952இல் வந்த புதினத்தின் மார்கய்யா, கூட்டுறவு வங்கிக்கு எதிரே உள்ள ஆலமரத்தடியில் தகரப்பெட்டியோடு அமர்ந்திருப்பதால்தான் அவனுக்குப் பிழைப்பு நடக்கிறது. இரண்டு தெரு தள்ளி அமர்ந்தால் கதையே இல்லை. 'வழிகாட்டி'யின் ராஜு, தண்டவாளம் போடப்பட்டு ஊருக்கு வண்டி வந்ததால் உருவானவன். சரயு ஆறு, மார்க்கெட் சாலை, கபீர் தெரு, நல்லப்பன் தோப்பு என்று புதினந்தோறும் ஊர் வளர்ந்தது.

அந்த ஊரில் லாலி எக்ஸ்டென்ஷன் என்னும் புதுக் குடியிருப்பு ஒன்று உண்டு. அதைப் படத்தில் ஒரு கட்டமாகக் காண்பவர் எளிதில் கடந்துவிடுவார். நாராயண் 1933இல் கோயம்புத்தூரில் தெருக்குழாயில் நீர் பிடித்துக்கொண்டிருந்த ராஜத்தைக் கண்டு, சாதகப் பொருத்தமின்மையையும் மீறி மணந்தார். 1939இல் டைபாய்டு காய்ச்சல் ராஜத்தைக் கொண்டுபோயிற்று. சிறு மகள் ஹேமாவோடு தனித்து நின்றவர் நெடுநாள் பேனாவைத் தொடவில்லை. இறந்தவருடன் பேசும் முயற்சிகளிலும் ஆறுதல் தேடினார். 1945இல் வெளிவந்த 'ஆங்கில ஆசிரியர்' புதினத்தில், கிருஷ்ணனும் சுசீலாவும் வாங்குவதற்கு வீடு பார்க்கப் போவது அந்தப் புதுக் குடியிருப்புக்குத்தான். அங்கிருந்து திரும்பிய சுசீலா படுக்கையில் விழுகிறாள், பிழைக்கவில்லை. தம் வாழ்வின் பெருந்துயரை வைக்கத் தாம் கட்டிய ஊரிலேயே ஓரிடம் ஒதுக்கினார் என்பதை எண்ணும்போது, மால்குடியை வெறும் நகைச்சுவை ஊர் என்று சொல்வோர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்றே கூறவேண்டும்.

1960இல் 'வழிகாட்டி' சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதனைப் படமாக்க வந்தவர்களை அழைத்துக்கொண்டு மைசூரைச் சுற்றியுள்ள ஆற்றங்கரையையும் குன்றையும் நாராயண் ஆர்வத்தோடு காட்டினார். அவர்களோ கதையை இராசத்தானத்துக்குக் கொண்டுபோய்விட்டனர். 1965இல் வெளிவந்த படம் புகழ்பெற்றது. மூல ஆசிரியர் மட்டும் மனம் கசந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கருப்பொருளையும் உரிப்பொருளையும் வைத்துக்கொண்டு முதற்பொருளை மட்டும் மாற்றிவிடலாம் என்று எண்ணியவர்களின் பிழை அது. சரயுவின் கரையில் ஒரு பட்டினி நோன்பு பெறும் பொருளை வேறோர் ஆற்றங்கரை தராது.

மால்குடி எங்கே உள்ளது என்று கேட்டவர்களுக்கு அது கற்பனை ஊர், எந்தப் படத்திலும் கிடைக்காது என்பதே அவர் விடை. ஆயினும் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நிலப்படத் தொகுப்பு ஒன்று இந்தியப் படத்தில் மால்குடிக்கு ஓர் இடம் குறித்தே விட்டது. அதை அவரே வேடிக்கையாகக் குறிப்பிட்டுள்ளார். ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். புதினங்களில் பாத்திரங்கள் எங்கே திரும்பினர், எதைக் கடந்தனர் என்று தொகுத்து, தெருத்தெருவாக மால்குடியை வரைந்துவிட்டார். அவ்வரைபடம் 1980களில் 'மால்குடி டேஸ்' தொகுதியிலும் இடம்பெற்றது. ஸ்டீவன்சனுக்குப் படத்திலிருந்து கதை வந்தது. இங்கே கதையிலிருந்து படம் வந்தது, அதுவும் வாசகர் ஒருவரின் கையால். எந்தத் திறனாய்வு நூலும் ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்திருக்க முடியாது. அரைநூற்றாண்டாகத் துண்டுதுண்டாகச் சொல்லப்பட்ட ஊர் ஒரு தாளில் பொருந்தி அமைகிறது என்றால், அதை எழுதியவர் தம் தெருக்களில் உண்மையாகவே நடந்திருக்கிறார்.

2001 மே 13இல், தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் அவர் மறைந்தார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த வீடு, இடிபடும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2016இல் நினைவில்லமாயிற்று. மால்குடிக்கு முதல் நாளிலேயே புகைவண்டி நிலையம் கொடுத்தவரின் முதலெழுத்தில் நின்ற ஊருக்கு, அவர் வாழ்ந்த காலம் முழுவதும் புகைவண்டி வரவில்லை. சேலத்தையும் கரூரையும் இணைக்கும் பாதை 2013இல் திறக்கப்பட்டது. நாமக்கல்லுக்கு முன்னதாக வண்டி நிற்கும் நிலையங்களில் ஒன்றின் பெயர்ப்பலகையில், இப்போது இராசிபுரம் என்று முழுமையாக எழுதியிருக்கிறது.