ரேச்சல் கார்சன்: தான் காணாத சட்டத்துக்கு வழி திறந்தவர்

1963 ஜூன் மாதம். வாஷிங்டனில் செனட் உபகுழு ஒன்றின் முன் சாட்சியமளிக்க ஒரு பெண் வந்து அமர்ந்தார். அவருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. அதை அவர் வெளியில் சொல்லவில்லை. தெரிந்தால், அதையே காட்டித் தன் ஆய்வின் நடுநிலையை இரசாயன நிறுவனங்கள் கேள்விக்குள்ளாக்கும் என்று அஞ்சினார்.

ரேச்சல் கார்சன் 1907இல் பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேலில் பிறந்தவர். 1932இல் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேலே படிக்க வசதியில்லை. 1935இல் தந்தை இறந்தார். அரச மீன்பிடிப் பணியகத்தில் வானொலிப் பிரதிகள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். 1937இல் சகோதரி இறந்தபோது, அவரது இரு பெண் பிள்ளைகளையும் தாயாருடன் சேர்ந்து வளர்த்தார். கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1951இல் பெரும் வரவேற்பைப் பெற்ற பிறகே அரச வேலையை விட்டார்.

1962இல் 'மௌன வசந்தம்' வெளியானது. வயல்களிலும் காடுகளிலும் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. மண்ணிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து பறவைக்கும் சேர்வதை அந்நூல் விளக்கியது. எல்லா இரசாயனங்களையும் தடை செய்யும்படி அவர் கேட்கவில்லை. கண்மூடித்தனமான பாவனையையும், மக்களுக்குத் தெரியாமல் நஞ்சு தெளிக்கப்படுவதையுமே எதிர்த்தார். நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. ஆனால் ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கை பெருமளவில் அவர் பக்கமே நின்றது.

1964 ஏப்ரலில், 56 வயதில் அவர் இறந்தார். 1970 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டம் கையெழுத்தானது. பெரிய அரச திட்டங்களுக்கு முன்னர் அவற்றின் பாதிப்பை ஆராய்ந்து பகிரங்கப்படுத்துவது கட்டாயமானது. அதே ஆண்டு சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் உருவானது. 1972இல் விவசாயத்தில் டி.டி.ரி. பாவனை தடை செய்யப்பட்டது.

இலங்கையில் மலேரியா திரும்பியதற்கும் அவரே காரணம் என்று பின்னாளில் பழி சுமத்தினார்கள். நடந்தது வேறு. 1963இல் இங்கு நோயாளர் எண்ணிக்கை 17ஆகக் குறைந்ததால் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. 1968இல் நோய் பெருவாரியாகத் திரும்பியது. மீண்டும் டி.டி.ரி. தெளித்தார்கள். நுளம்புகள் அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றதால், 1977இல் மலத்தியனுக்கு மாற நேர்ந்தது. அந்த எதிர்ப்புச் சக்தியைப் பற்றி அவர் தன் நூலிலேயே எச்சரித்திருந்தார்.

நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988இன் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கிணற்றை இறைத்துக் குடியேறியவர்களுக்கு அந்த 30 நாட்களின் பெறுமதி தெரியும். தங்கள் மண்ணில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே கேட்கும் உரிமை அது. அமெரிக்கர்களுக்கு அப்படியொரு உரிமை கிடைத்ததைக் காண ரேச்சல் உயிரோடு இருக்கவில்லை. நமக்கு அது சட்டத்தில் இருக்கிறது. பயன்படுத்துவதுதான் மிச்சம்.