பாட்டே இல்லாத படம் எடுத்த வீணைக்காரர்

நம் குடியிருப்பில் மாதம் ஒரு படம் என்று முடிவானதும் முதலில் நடந்தது சண்டைதான். வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தோம். ஏ பிளாக்கில் எம்.ஜி.ஆர். படம் கேட்டார்கள். பி பிளாக் பிள்ளைகள் கொரியப் பேய்ப்படம் என்றார்கள். ஒரு மாமி, மறுபடியும் போட முடியுமென்றால் பழைய தூர்தர்ஷன் தொடர் ஒன்றைப் போடுங்கள் என்றார். கடைசியில் யாருக்கும் பிடித்த படமாக இல்லாமல், யாரும் கேட்காத படமாக ஒன்றைப் போடலாம் என்று தீர்மானித்து 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் போட்டோம். மொத்தம் 26 பேர் வந்தார்கள். ஸ்பீக்கர் பாதியில் ஒருமுறை மக்கர் செய்தது. ஆனால் படம் முடிந்தபிறகு லிஃப்ட் வாசலில் கால்மணி நேரம் கொலைகாரர் யார் என்பதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. கல்லூரி மாணவர் ஒருவர், இதை எடுத்தவர் யார், வேறு என்ன எடுத்திருக்கிறார் என்று கேட்டார். வீணை பாலசந்தர் என்றேன். வீணை வாசிப்பவர் எப்படிக் கொலைப்படம் எடுப்பார் என்று அவருக்கு வியப்பு. செய்திமடலுக்கு எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழு பிடித்துக்கொண்டது.

சுந்தரம் பாலசந்தர் பிறந்தது 1927 ஜனவரி 18, மயிலாப்பூரில். வீடு முழுக்கக் கலை. அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் ஓவியராகவும் பாடகராகவும் பெயர் வாங்கியவர். அக்கா ஜெயலட்சுமி பாகவதருடன் ‘சிவகவி’யில் நடித்தவர். 1934-இல் மராட்டியத்தின் பிரபாத் நிறுவனம் தமிழில் ‘சீதா கல்யாணம்’ எடுத்தபோது இந்தக் குடும்பமே ரயிலேறிப் போனது. அண்ணன் ராமர், அக்கா சீதை, அப்பா சுந்தரம் ஐயர் ஜனகர். ஏழு வயதுப் பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பொடியன். அண்ணனும் அக்காவும் ராமர் சீதையாக நடித்ததைச் சிலர் அப்போது முகம் சுளித்துப் பார்த்தார்களாம். அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் சினிமாவுக்கு வருவதே பெரிய விஷயம் என்பதால் வீட்டு ஆட்களையே வைத்து எடுத்துவிடுவது தயாரிப்பாளருக்கும் வசதி.

சிறுவன் பாலசந்தருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த குரு என்று எவருமில்லை. கஞ்சிரா, தபலா, ஹார்மோனியம், சிதார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தானே தட்டிப் பழகினார். சதுரங்கமும் நன்றாக ஆடுவார். பதின்ம வயதிலேயே சென்னை வானொலியில் வேலை. வீணைக்கு வந்தது அதன் பிறகுதான். அதையும் தானாகவே கற்றார். கர்நாடக சங்கீதத்தில் யாருடைய சிஷ்யர் என்பது முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே மேடையேறிய ஆள் அவர். இந்த ஒரு விஷயம்தான் அவர் வாழ்க்கை முழுக்கப் பெருமையாகவும் வம்பாகவும் கூடவே வந்தது என்பது என் எண்ணம்.

சினிமாவுக்கு அவர் திரும்பியது வளர்ந்த பிறகு. 1948-இல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடம், இசையும் அவரே. அதே வருடம் ‘என் கணவர்’ படத்தை இயக்கினார். வயது 21. நம் வீடுகளில் 21 வயதுப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, காலம் அப்படி. 1951-இல் ‘கைதி’யை இயக்கினார். அதே வருடம் ‘ராஜாம்பாள்’ படத்தில் வில்லன். அந்தப் படத்தில் கதாநாயகன் யார் தெரியுமா? பிற்காலத்தில் வில்லனாகவும் நாடக மேடையின் இலங்கேஸ்வரனாகவும் கலக்கிய ஆர்.எஸ். மனோகர். 1952-இல் ‘ராணி’யில் பானுமதிக்கு ஜோடி. 1954-இல் ஏ.வி.எம்.மின் ‘பெண்’ படத்தில் வைஜயந்திமாலா, ஜெமினி கணேசனுடன் நடித்தார். அதில் அவர் வாயசைக்கும் கல்யாணப் பாட்டைப் பாடியவர் சந்திரபாபு. நகைச்சுவை நடிகர் இன்னொருவருக்குப் பின்னணி பாடியது இன்றும் யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகிறது. ஆனால் திரையில் துள்ளும் அந்த ஆளைப் பலர் யாரென்று தெரியாமலேயே ரசிக்கிறார்கள்.

இனி ‘அந்த நாள்’.

ஜப்பானின் அகிரா குரோசவா எடுத்த ‘ரஷோமோன்’ 1950-இல் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் படம். அதைப் பார்த்துவிட்டுப் பாலசந்தர் மண்டைக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்தது. அதை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் கொண்டுபோனார். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு படத்துக்கு ஐம்பது பாட்டு வைத்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பத்துப் பாட்டாவது இல்லாமல் விநியோகஸ்தர் பெட்டியைத் தொடமாட்டார். அந்த நிலையில் செட்டியார் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். இயக்குநர் துணிச்சல்காரர் என்பது சரி. பணம் போட்டவரின் துணிச்சலை யாரும் பேசுவதில்லை.

நாயகனாக முன்பு நடித்தவர் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதன். பின்னாளில் சத்யஜித் ரேயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தவர் அவர்தான். எடுத்தவரை போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை. எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘பராசக்தி’யில் புகழ்பெற்றிருந்த சிவாஜி கணேசனை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். பாலசந்தருக்கு அதில் மனமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் செட்டியார் கணக்குதான் சரியாக வந்தது என்று நினைக்கிறேன். சிவாஜியின் முகம் இல்லாமல் அந்த ராஜன் பாத்திரத்தை யோசிக்கவே முடியவில்லை.

கதை நடப்பது 1943 அக்டோபரில். ஜப்பான் விமானம் சென்னை மீது குண்டு போட்ட சமயம். நம் குடியிருப்பின் மூத்தவர்கள் தங்கள் அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருப்பார்கள்: அதற்கு முந்தின வருடம், 1942 ஏப்ரலில், பட்டணமே காலியானது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் சொந்த ஊர்களுக்கும், இன்னும் வயலும் ஏரியுமாக இருந்த நம் பக்கத்து ஊர்களுக்கும் கிளம்பினார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அந்தப் பீதி அடங்கி ஜனங்கள் திரும்பி வந்தபிறகு விழுந்த குண்டு அது. படம் பார்க்க வந்த 1954-ஆம் வருடத்து ரசிகனுக்கு அது 11 வருடம் முந்தின சொந்த அனுபவம். நமக்கு 2015 வெள்ளம் எப்படியோ அப்படி.

துப்பாக்கிச் சத்தம். ரேடியோ என்ஜினியர் ராஜன் செத்துக்கிடக்கிறான். சிவாஜி முதல் காட்சியிலேயே பிணம்! மனைவி, தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், நடனக்காரி என்று சந்தேகம் ஒவ்வொருவர் மேலும் போகிறது. விசாரிக்கிற சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவரே. சின்னப் பிள்ளைகளுக்கு அவரைப் ‘பட்டணத்தில் பூதம்’ பூதமாகத் தெரியும். கொன்றது யார் என்பதை எழுதமாட்டேன். அன்று வராதவர்கள் நிறைய இருக்கிறீர்கள்.

இதை ‘ரஷோமோன்’ தழுவல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. குரோசவா படத்தில் உண்மை எது என்று கடைசிவரை தெரியாது. இங்கே விடை உண்டு. செத்தவரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவரது வேறுவேறு முகம் தெரிவது, அதே 1950-இல் வந்த ‘தி வுமன் இன் கொஸ்டின்’ என்ற ஆங்கிலப் படத்துக்குத்தான் நெருக்கம். எதிலிருந்து எடுத்தார் என்பதைவிட, எடுத்ததை நாட்டுப்பற்று, குடும்பம் என்று நம் மண்ணில் எப்படி ஊன்றினார் என்பதுதான் பார்க்கவேண்டியது. இன்று ‘வதந்தி’, ‘சுழல்’ தொடர்களை இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்க்கிறோமே, ஒரு சாவு, பல வாய், பல கதை என்கிற அந்த வழியைத் தமிழில் முதலில் போட்டது இவர்.

வெளியானது 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி. பண்டிகைக்குப் பாட்டுக் கேட்கப் போன ஜனம் ஏமாந்தது. சிவாஜி ரசிகர்களுக்கு இரண்டு மடங்கு கோபம். முதல் சுற்றில் படம் பெரிதாக ஓடவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மறுபடி மறுபடி திரையிட்டபோதுதான் கூட்டம் வந்தது. இன்று தமிழ் சினிமா வரலாறு எழுதுபவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

பிறகு தெலுங்கில் ‘ஏதி நிஜம்’, தமிழில் ‘அவன் அமரன்’ எடுத்தார். சொந்தமாகத் தயாரிக்கவும் தொடங்கினார். ‘அவனா இவன்’ 1962-இல். 1964-இல் ‘பொம்மை’. சிங்கப்பூருக்கு விமானமேறப் போகிற முதலாளியைத் தீர்த்துக்கட்ட, குண்டு வைத்த பொம்மை ஒன்று தயாராகிறது. பொம்மை கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிறது. எந்த நிமிடமும் வெடிக்கலாம். ஹிட்ச்காக்கின் ‘சபோடேஜ்’ பார்த்தவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும். யேசுதாஸின் குரலைத் தமிழ் ரசிகர்கள் முதலில் கேட்டது இந்தப் படத்தில்தான். படத்தின் முடிவில் பாலசந்தர் திரையில் தோன்றி, நடிகர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ஒவ்வொருவராக நமக்கு அறிமுகப்படுத்துவார். பெயர் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டைத் தேடுகிற நமக்கு அது ஒரு நல்ல அதிர்ச்சி.

கடைசிப் படம் ‘நடு இரவில்’. அகதா கிறிஸ்டியின் பத்துப் பேர் கதையின் சாயல். தனித்த பெரிய வீடு, உறவினர் கூட்டம், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சௌகார் ஜானகி, மேஜர் சுந்தர்ராஜன், சோ எல்லோரும் இருக்கிறார்கள். எடுத்து முடித்தும் வாங்க ஆளில்லாமல் சில வருடம் பெட்டியில் கிடந்து 1970-இல் வந்தது. அதோடு சினிமாவை விட்டார். ஒருபுறம் கச்சேரி, ஒருபுறம் சினிமா என்று இரண்டையும் சுமந்தவர், வயது நாற்பதைத் தாண்டியபோது வீணையை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இன்னும் நாலு படம் எடுத்திருக்கலாம். வீணைக்காரர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள்.

அவர் வீணை வாசிப்பதை நான் ஒலிநாடாவில்தான் கேட்டிருக்கிறேன். ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து, பல ஸ்வரங்களை வாய்ப்பாட்டு மாதிரி வரவழைப்பார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். வெளிநாடுகளில் கச்சேரிகள், 1982-இல் பத்ம பூஷண். சங்கீத கலாநிதி மட்டும் கடைசிவரை இல்லை.

இல்லாததற்குக் காரணம் அவரது வாயும் பேனாவும் என்பவர்கள் உண்டு. புது ராகங்களை உருவாக்கியதாகப் பாலமுரளிகிருஷ்ணா சொன்னதை எதிர்த்தார். சுவாதித் திருநாள் என்று ஒரு வாக்கேயக்காரரே இல்லை, எல்லாம் பிற்காலத்தில் கட்டியது என்று கிளம்பி, செம்மங்குடி போன்ற பெரியவரோடு மோதினார். இதில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. ராஜா இருந்தார் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. எந்தக் கீர்த்தனைக்கு எந்த மெட்டு யார் போட்டது என்பது வேறு கேள்வி. அந்தச் சின்னக் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஆராய்ச்சியாளர்களே அவரோடு உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஆனால் பாதியில் நிறுத்துகிற ஆள் பாட்டில்லாமல் படம் எடுத்திருக்கமாட்டார்.

1990-இல் கச்சேரிக்காக பிலாய் போன இடத்தில் மாரடைப்பு. வயது 63. தேதி ஏப்ரல் 13. ‘அந்த நாள்’ வெளியாகி அன்றோடு சரியாக 36 வருடம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை 6.30-க்கு கிளப் ஹவுஸில் ‘பொம்மை’. ஸ்பீக்கர் சரிசெய்தாகிவிட்டது. நாற்காலி போதாது என்பதால் முடிந்தவர்கள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரவும். முடிவில் பெயர்கள் சொல்லும்வரை யாரும் எழுந்து விளக்கைப் போட்டுவிட வேண்டாம். கொரியப் பேய்ப்படம் அதற்கடுத்த மாதம். பி பிளாக்குக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.