வாழைத்தார் தூக்கிய கொக்கியில் நாற்காலி: ஸ்கீ லிஃப்ட்டும் ஹாரிமனும்!

பனிச்சறுக்கு வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். உச்சியிலிருந்து சர்ருன்னு வழுக்கி இறங்குவார்கள். சரி, உச்சிக்கு எப்படிப் போனார்கள்? கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிதான் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த ‘சேர் லிஃப்ட்’ பிறந்தது 1936-ல். அதற்குக் காரணம், ரயிலில் ஆள் குறைந்துவிட்டதே என்ற கவலை!

யார் இந்த ஹாரிமன்?

அவெரெல் ஹாரிமன் 1891-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா இ.எச்.ஹாரிமன், அமெரிக்க ரயில் துறையின் ஜாம்பவான். அவர் 1909-ல் இறந்தபோது மகனுக்கு வயது 17. அப்பா கட்டிக்காத்த யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவராக 1932-ல் அவெரெல் வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்தது. கையில் காசு இருந்தவர்களும் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் ஏற மக்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

அதே 1932-ல் நியூயார்க் மாகாணத்தின் லேக் பிளாசிட்டில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பனிச்சறுக்கு மீது அமெரிக்கர்களுக்கு ஆசை வந்தது. ஹாரிமன் கணக்குப் போட்டார்: தன் ரயில் போகும் இடத்தில் ஆல்ப்ஸ் மாதிரி ஒரு ரிசார்ட் கட்டினால் என்ன?

இடம் தேட ஆஸ்திரியப் பிரபு ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ஷை அனுப்பினார். மேற்கு அமெரிக்காவில் பல மலைகளைப் பார்த்துவிட்டு, ஐடஹோ மாகாணத்தின் கெட்சம் என்ற சிற்றூரை அவர் கைகாட்டினார். யூனியன் பசிபிக்கின் கிளைப் பாதை அங்கே ஏற்கெனவே இருந்தது. ரிசார்ட்டுக்கு வைத்த பெயர் ‘சன் வேலி’.

ஏறுவதுதான் பிரச்சினை

அந்தக் காலத்தில் ஸ்கீக்காரர்களின் நாளில் பெரும்பகுதி ஏறுவதிலேயே போய்விடும். மணிக்கணக்கில் மூச்சு வாங்க ஏறினால், சில நிமிடங்களில் கீழே வந்துவிடலாம். 1934-ல் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக்கில் ஓடும் கயிறு வந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் மேலே இழுக்கும். ஆனால் கையுறை தேயும், தோள் வலிக்கும். காசு கொடுத்து வரும் சுற்றுலாப் பயணிக்கு இது போதுமா?

யூனியன் பசிபிக்கின் ஒமாஹா அலுவலகத்தில் ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளர் இருந்தார். வெப்பமண்டல நாடுகளில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் இயந்திரம் அவருக்கு அத்துப்படி. ஓடும் கம்பிவடத்தில் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தார். தாருக்குப் பதில் நாற்காலியை மாட்டினால்? யோசனை அவ்வளவுதான்.

ஆள் விழுந்துவிட்டால் என்னாவது என்று உடனிருந்தவர்கள் பயந்தார்கள். ஆனால் ஆலோசகராக வந்த ஸ்கீ வீரர் சார்லஸ் ப்ராக்டருக்கு யோசனை பிடித்துப்போனது. ஹாரிமனும் பச்சைக்கொடி காட்டினார். ஒமாஹாவில் அப்போது கோடைக்காலம், பனிக்கு எங்கே போவது? லாரியில் ஒரு நாற்காலியைக் கட்டி, தரையில் வைக்கோலைப் பரப்பிச் சோதித்தார்கள். ரோலர் ஸ்கேட் மாட்டியும் பார்த்தார்கள். நிற்பவரை இடிக்காமல் நாற்காலி எந்த வேகத்தில் வந்து ஏந்த வேண்டும்? அதுதான் கேள்வி.

1936 டிசம்பரில் சன் வேலி திறந்தது. டாலர், ப்ராக்டர் மலைகளில் ஒற்றை இருக்கை லிஃப்ட்டுகள் ஓடின. ஏறும் களைப்பு போனது. ஒரே நாளில் பல முறை சறுக்கலாம் என்றானது. உடல்வலு உள்ளவர்களின் சாகசம், டிக்கெட் வாங்கும் எவருக்குமான பொழுதுபோக்காக மாறத் தொடங்கியது.

இன்றைய அதிவேக லிஃப்ட்டுகளில் நாற்காலி, நிலையத்துக்குள் வந்ததும் வடத்தைவிட்டுக் கழன்று மெதுவாக நகரும். நீங்கள் உட்கார்ந்ததும் மறுபடி வடத்தைக் கவ்வி வேகமெடுக்கும். ஒமாஹாவில் கேட்ட அதே கேள்விக்கு இது இன்னொரு பதில்.

அப்புறம் என்ன ஆனது?

ஹாரிமன் அரசியலுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் யூனியனுக்கான அமெரிக்கத் தூதரானார். பின்னாளில் நியூயார்க் ஆளுநராக இருந்தார். 1963-ல் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக மாஸ்கோவில் பேச்சு நடத்தினார். 1986-ல், 94 வயதில் காலமானார்.

ரயில்? யூனியன் பசிபிக் 1964-ல் சன் வேலியை விற்றது. 1971-ல் பயணிகள் ரயில் சேவையையும் ஆம்ட்ராக்கிடம் விட்டுவிட்டது. கெட்சமுக்குப் போன தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ரயிலைக் காப்பாற்றச் செய்த நாற்காலி மட்டும் உலகெங்கும் மலையேறிக்கொண்டிருக்கிறது.