ஒரு லட்சம் மைல் போன இளைஞர்

போன செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கக் கிளம்பினோம். அதற்கென ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். யார் கார், எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே சாப்பிடுவது என்று இரண்டு வாரம் பேசினோம். போய் இறங்கியதும் மழை கொட்டியது. படகு ஓடாது என்றார்கள். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். அவ்வளவுதான் எங்கள் பயணம்!

அன்று இரவு கையில் எடுத்த புத்தகம் ஏ.கே. செட்டியார் எழுதிய ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. ஏறக்குறைய எங்கள் வயதில் ஒருவர் கப்பலிலும் ரயிலிலுமாக ஒரு லட்சம் மைல் சுற்றிய கதை அது. எங்கள் அறுபது கிலோமீட்டர் சோகத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பரில், தமிழ்நாட்டுச் செட்டிநாட்டின் கோட்டையூரில் பிறந்தார். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்தவர்கள் அவர்கள்தாம். பர்மாவிலும் அவர்கள் தொழில் பெரிதாக நடந்தது. கடல் தாண்டிப் போவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் கணக்குப் பார்க்கப் போனார்கள். இவர் ரங்கூனுக்குப் போய் ‘தனவணிகன்’ என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

பத்திரிகை வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. புகைப்படக் கலை படிக்க ஜப்பானுக்குப் போனார். தோக்கியோவில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றார். 1930களில் ஒரு தமிழ் இளைஞர் கேமரா படிக்க இரண்டு கண்டங்களுக்குப் போனார் என்றால், இன்றைக்கும் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டில் நிச்சயம் மாட்டார்கள்.

1937 அக்டோபர் 2ஆம் தேதி அவர் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். நடுக்கடலில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காந்தியின் வாழ்க்கையை ஏன் முழுநீள ஆவணப்படமாக எடுக்கக் கூடாது? அப்போது அவருக்கு 26 வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. கையில் பெரிய பணமில்லை, இந்தியாவை ஆள்வதோ பிரிட்டிஷ் அரசு. அந்த அரசை எதிர்த்து நிற்கும் மனிதரைப் பற்றித்தான் படம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாகப் படம் பிடித்தால் மட்டும் இந்த வேலை முடிந்துவிடாது. காந்தி தென்னாப்பிரிக்காவில் போராடிய காலமும் 1930இன் உப்பு யாத்திரையும் 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனதும் ஏற்கெனவே முடிந்துபோன சம்பவங்கள். அவற்றை அங்கங்கே யாரோ ஒரு கேமராக்காரர் படம் பிடித்திருப்பார். அந்தச் சுருள் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு செய்திப்பட நிறுவனத்தின் கிடங்கில் தூசி படிந்து கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று சொல்லப் பட்டியல் கிடையாது. கடிதம் போட்டால் பதில் வர வாரக்கணக்காகும். கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

செட்டியார் தட்டினார். ஐரோப்பாவில் தேடினார், லண்டனில் தேடினார், தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். அந்த நாட்டில் இந்தியர் நுழைவதற்கே சட்டக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. காந்தியின் போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் சிறை சென்ற மண்ணும் அதுதான். தில்லையாடி வள்ளியம்மை 1914இல் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து சில நாளில் இறந்தது அங்கேதான். வள்ளியம்மையின் பெயரை வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பயணத்தைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

எழுதுவதற்குச் சாகசம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். மேலாளரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும். சுருளைப் போட்டுப் பார்க்க அனுமதி வேண்டும். விலை பேச வேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று விசாரிக்க வேண்டும். வாங்கிய சுருளைப் பத்திரமாகக் கொண்டுவருவதும் லேசில்லை. அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். அதைப் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. முப்பது ஆண்டுகளில் சுமார் 100 கேமராக்காரர்கள் எடுத்த காட்சிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. மொத்தம் 50,000 அடி. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடும். அப்படியானால் 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதை வெட்டி 12,000 அடியாக, அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குள் ஓடும் படமாகக் கொண்டுவந்தார். கல்லூரிக்காக ஐந்து நிமிட வீடியோ எடிட் செய்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

வேலை முடிவதற்குள் 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. அவர் எந்தத் திட்டத்திலும் எழுதி வைத்திருக்க முடியாத விஷயம். இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் லண்டன் கிடங்குகளுக்குள் அவரால் நுழைந்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். 1940 ஆகஸ்ட்டில் சென்னை ராக்ஸி திரையரங்கில் படம் தமிழில் வெளியானது. பிறகு தெலுங்கிலும் வந்தது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருந்தார். ஆனால் அது போர்க்காலம். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்த பிறகு காந்தி படத்தைத் திரையில் ஓட்டுவது ஆபத்தான காரியமானது. நாடு விடுதலை பெறும் நேரத்தில் படம் இந்தியிலும் பேசியது. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் தயாரானது.

அதன் பிறகும் செட்டியார் பயணத்தை விடவில்லை. ‘மலேயா முதல் கனடா வரை’ என்று ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பில் முதலில் நிற்பது நம் நாடு என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ மாத இதழைக் கடைசிவரை நடத்தினார். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் புதைந்து கிடந்ததையெல்லாம் தேடி எடுத்து அதில் அச்சிட்டார். பிலிம் தேடியவர் அதே புத்தியோடு காகிதம் தேடினார். காந்தி படத்துக்காக அலைந்த கதையையும் அதில்தான் எழுதினார். இத்தனை தேடியவர் தன்னைப் பற்றி மட்டும் மிகக் குறைவாகவே எழுதினார். இது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கப்பலில் என்ன சாப்பிட்டார், எப்போது பயந்தார், வீட்டை நினைத்து அழுதாரா? இதையெல்லாம் தேடினால் கிடைப்பது சொற்பம்.

செட்டியார் 1983இல் காலமானார். ஒரு லட்சம் மைல் போய்ச் சேர்த்த படத்தின் தமிழ்ப் பிரதியும் பிற்காலத்தில் கண்ணில் படாமல் போனது. வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதைத் தேடத் தொடங்கினார். முதலில் குமரி மலரில் வந்த பயணக் கட்டுரைகளைத் திரட்டி ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று நூலாக்கினார். படத்தின் சுருக்கமான ஆங்கிலப் பிரதி ஒன்று பின்னர் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. தமிழில் ராக்ஸியில் ஓடிய அந்த 12,000 அடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.