ராமனின் நிழல் மட்டும்தானா? யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

புன்னைக்காயல் பக்கம் முத்துக் குளித்த காலத்தில், சிப்பியைத் திறந்தால்தான் உள்ளே முத்து இருக்கா, இல்லையா என்று தெரியும். மூலக்கூறுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடைக்காமலே உள்ளே பார்க்க என்.எம்.ஆர். கருவி இருக்கு. அதன் பின்கதையில் ஒரு தமிழரும் உண்டு.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். கொல்கத்தா போய் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு ஆய்வில் கூடவே உழைத்தார். 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

அதற்குள் டாக்கா பல்கலைக்கழகம் போய்விட்ட கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பைக் கையில் எடுத்திருந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எப்படித் திரும்புது என்று அளப்பதுதான் வேலை. பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலீன் போன்ற தட்டையான வளைய மூலக்கூறுகளில், தட்டைக்குச் செங்குத்தான திசையில் காந்த விலக்கம் மிக அதிகம் என்று தெரிந்தது.

ஏன்? வளையத்தில் எலெக்ட்ரான்கள் சுற்றி ஓடுவதால்தான் என்று 1936-ல் லைனஸ் பாலிங்கும், 1937-ல் ஃப்ரிட்ஸ் லண்டனும் விளக்கினார்கள். லண்டன் தந்த கணக்கு முறையின் வளர்ந்த வடிவம்தான் இன்றைய வேதியியல் மென்பொருள்களில் ஓடுது. அணுக்கருவை எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்திலிருந்து எவ்வளவு மறைக்கின்றன என்று அது கணிக்கும். அதை என்.எம்.ஆர். அளவீட்டோடு ஒப்பிட்டு, ஒரு மருந்து மூலக்கூறின் அமைப்பு சரிதானா என்று பார்க்கலாம்.

கிருஷ்ணன் 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961-ல் மறைந்தார். மென்பொருளில் அவர் பெயர் வராது. ஆனா, அந்தக் கோட்பாட்டை உரசிப் பார்த்த உரைகல்லில் அவருடைய அளவீடுகளும் உண்டு.