மிஸ் மார்கரெட் மக்மில்லன்

பள்ளிக்கூடத்து மணி அடித்தவுடன் குழந்தையின் பசியும் அடங்கிவிடுமென்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. சட்டம் செய்வோர் மட்டும் நெடுங்காலம் அவ்வாறே நினைத்து வந்தனர். அந்நினைப்பை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மிஸ் மார்கரெட் மக்மில்லன் என்னும் மாதரசி.

ஸ்காட்லாந்து வமிசத்தவரான இவர் 1860-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்து, தாயுடனும் தமக்கை ராச்சேலுடனும் ஸ்காட்லாந்து சேர்ந்தார். 1894-ல், கம்பள ஆலைகள் மிகுந்த பிராட்போர்டு நகரின் பள்ளிக்கூட போர்டில் அங்கத்தினரானார். பட்டினியால் வாடிய பாலருக்குப் பாடம் புகட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும் எனக் கண்டார். ஸ்நானம், வைத்திய பரிசோதனை, ஆகாரம் ஆகிய மூன்றும் கல்வியைச் சேர்ந்தவையே என்று வாதாடினார்.

1906-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு பள்ளி உணவுச் சட்டத்தை நிறைவேற்றியது. வக்கீல் தொழில் பயின்ற நமக்கு அதன் குறை எளிதில் புலப்படும். உணவு அளிக்கலாம் என்றதேயன்றி, அளித்தே தீரவேண்டும் என்று அது விதிக்கவில்லை. சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரிக்கு மேல் இதற்குச் செலவிடவும் இடமில்லை.

மார்கரெட் பிராட்போர்டை விட்டு லண்டன் சென்றபின், 1907-ல் பிராட்போர்டு நகரத்து வைத்திய அதிகாரி டாக்டர் கிரௌலி ஒரு பரீட்சை நடத்தினார். ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு ஓட்ஸ் கஞ்சி, பால், ரொட்டி முதலியவற்றைத் திட்டப்படி அளித்து, அவர்களை நிறுத்துப் பார்த்தார். எடை ஏறிற்று. இடையே விடுமுறை வந்து உணவு நின்றதும் எடை இறங்கிற்று. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

1911-ல் லண்டனின் டெப்ட்போர்டில் சகோதரிகள் இருவரும் இரவு முகாம் அமைத்தனர். சேரிச் சிறுமிகள் பள்ளி முடிந்ததும் அங்கு வந்து, குளித்து, உண்டு, திறந்த வெளியில் உறங்கி, காலையுணவுக்குப் பின் பள்ளி சென்றனர். 1914-ல் அங்கேயே சிசுக்களுக்கான பள்ளியும் தோன்றிற்று. அவ்வாண்டில் இயற்றிய திருத்தச் சட்டம் அரைப் பென்னி வரம்பை நீக்கி, விடுமுறை நாட்களிலும் உணவளிக்க வழி செய்தது. 1917-ல் ராச்சேல் காலமானார். துயரத்திலும் பணியை விடாத மார்கரெட் 1931-ல் மறைந்தார்.

2015-ல் இங்கிலாந்தில் அமலுக்கு வந்த பள்ளி உணவு விதிகள் மாலை ஆறு மணி வரை நீண்டன. பள்ளிக்குப் பிந்திய பராமரிப்பு நிலையங்களின் சிற்றுண்டியும் அவற்றுள் அடங்கிற்று. பொரித்த பண்டங்களுக்கு வாரம் இருமுறை என்ற வரம்பும் ஏற்பட்டது. டெப்ட்போர்டு முகாம் தோன்றி நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் வந்த விதி இது!

மாலையில் பிறர் குழந்தைகளைப் பேணும் பொறுப்பை ஏற்போர் எத்தேசத்தினராயினும், தட்டு நிறைந்ததா என்று பார்ப்பதோடு நில்லாமல், தராசையும் ஒருமுறை பார்ப்பாராக.